எருமைத்துறையில் ஏழு நாள்

ஏழு எழுதும்போது நடுவில் குறுக்கே ஒரு சின்னக் கோடு இழுக்கிற பழக்கம் மங்கைக்கு எங்கிருந்து வந்தது என்பது இருபத்தாறு வருஷமாகத் தெரியாமல் இருந்தது, இன்றைக்கு மத்தியானம் இரண்டே முக்காலுக்குத் தெரிந்துவிட்டது. காஸ் பதிவு எண்ணில், தையல்காரருக்குக் கொடுக்கிற அளவுச் சீட்டில், பையனின் பிறந்த தேதியில், எங்கே ஏழு வந்தாலும் அந்தக் கோடு இருக்கும். ஏழுக்கு அரைஞாண் கயிறு கட்டிவிடுகிறாயா என்று கல்யாணமான புதிதில் கேலி செய்திருக்கிறேன். "ஒண்ணுன்னு யாரும் படிச்சிடக் கூடாதுல்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இப்போது என் மேஜைமேல் எருமைத்துறை அளவு நிலையத்தின் பழைய பதிவேடு விரிந்து கிடக்கிறது, 1997 நவம்பர், தேதிகளும் நீர்மட்டமும் அவள் கையெழுத்து, பக்கத்தின் அடியில் பொறுப்பு அலுவலர் துரைசிங்கத்தின் கையொப்பம், கையொப்பத்துக்குக் கீழே தேதி, தேதியின் கடைசியில் ஒரு ஏழு, அந்த ஏழின் நடுவிலும் அதே கோடு. ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரி இரண்டு ஏழும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நான் ஆற்றைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், கடவுளே, ஆற்றை மட்டும்தான்.

ஆற்றைத் தேடுவது என்றால் உண்மையாகவே தேடுவது. மாசிலாமணி, உதவி செயற்பொறியாளர், வடிநிலப் பிரிவு என்று கதவில் பலகை மாட்டியிருக்கிறார்கள், எனக்குக் கொடுத்திருக்கிற வேலை இதுதான்: மனிதன் கையே வைக்காமல் இருந்திருந்தால் கருங்காலியாற்றில் வருஷாவருஷம் எவ்வளவு தண்ணீர் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டும். அளந்த தண்ணீரை எடுத்துக்கொள். அதோடு வாய்க்காலில் திருப்பியதைக் கூட்டு, ஏரிகளில் ஆவியானதைக் கூட்டு, குடிநீருக்கு உறிஞ்சியதைக் கூட்டு, வயலிலிருந்து வடிந்து திரும்ப ஆற்றுக்கு வந்ததைக் கழி. எடுத்ததை எல்லாம் திருப்பிப் போட்டால் ஆற்றின் சொந்த வரத்து கிடைத்துவிடும். நாற்பது வருஷத்துக்கு இப்படிச் செய்து கொடுத்தால் அடுத்த மாதம் ஆறு மாவட்டங்கள் அதை வைத்துப் பங்கு பிரித்துக்கொள்ளும். எல்லா வருஷமும் ஒழுங்காக வந்தது, தொண்ணூற்றேழு மட்டும் முரண்டு பிடித்தது. காலையில் உதவிப் பொறியாளர் சங்கவி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், எருமைத்துறைக்கும் அணைக்கும் நடுவுல எடுப்பு மைனஸ்ல வருது" என்றாள். மைனஸ் என்றால் அந்த நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற விவசாயிகள் தண்ணீர் எடுப்பதற்குப் பதிலாகக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஆற்றில் ஊற்றியிருக்க வேண்டும். அணைக்கு இருபத்திரண்டாயிரம் கன அடி வந்திருக்கிறது, மேலே எருமைத்துறையில் தொள்ளாயிரம்தான் போயிருக்கிறது, இடையில் ஓடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அப்புறம் அவளே பதிவேட்டைப் புரட்டிக் கண்டுபிடித்தாள். ஒன்பதாம் தேதியிலிருந்து பதினைந்து வரை ஏழு நாள். ஒன்று புள்ளி மூன்று நான்கு, மூன்று இரண்டு, மூன்று பூஜ்யம், இரண்டு எட்டு. நாளுக்கு இரண்டு சென்டிமீட்டராகப் படி இறங்குகிறது. மலையில் பதினொரு சென்டிமீட்டர் மழை பெய்த வாரத்தில் ஆறு படி இறங்குகிறது. "இது டேபிள்ல உக்காந்து எழுதின ரீடிங் சார்" என்று சிரித்தாள். "யாரு சார் இந்த ம.அ.?" தெரியாது என்று சொல்லிவிட்டேன். மங்கையர்க்கரசி, என் பெண்டாட்டி, கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் தினக்கூலிப் பதிவாளராக அங்கே இருந்தாள் என்று சொல்ல எத்தனை வார்த்தை ஆகும்?

ஏழு நாள் அவள் ஆற்றங்கரையில் இல்லை. காலை எட்டு மணிக்கு அளவுக்கம்பத்தைப் பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை. இருந்திருந்தால் வெள்ளம் கண்ணில் பட்டிருக்கும், அந்த வெள்ளம் கண்ணில் படாமல் போகிற சைஸா. சரி, அவள் இல்லை, துரைசிங்கம் என்ன செய்துகொண்டிருந்தார்? பொறுப்பு அலுவலர், தங்குவது பாலத்துக்குப் பக்கத்தில் துறையின் ஓட்டு வீட்டில், கதவைத் திறந்தால் ஆறு. அவருக்குமா தெரியாது? தெரிந்தால் இந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருப்பாரா? ஆகவே அவரும் அங்கே இல்லை. இரண்டு பேரும் இல்லை. ஒரே ஏழு நாள் இரண்டு பேரும் இல்லை. எங்கள் கல்யாணம் தை மாதம், அதற்கு இரண்டே மாதம் முன்னால். கூட்டிப் பார்க்கிறேன், கழித்துப் பார்க்கிறேன், வேலையும் அதுதானே, எப்படிப் போட்டாலும் விடை ஒன்றாகத்தான் வருகிறது. எனக்குப் பொறாமை. இந்த வயதில், ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிற ஆளுக்கு, கல்லூரி முடித்த பையன் இருக்கிறவனுக்கு, பச்சையாகப் பொறாமை. அந்த மனிதர் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது, ஆலோசகர் என்று திரும்பக் கூப்பிட்டு வைத்திருக்கிறார்கள், என்னுடைய கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட இன்றைக்கு நான்கு மணிக்கு வருகிறார். வரும்போதே கேட்பார், "என்னவே மாசிலாமணி, மங்கை சௌக்கியமா?" எப்போதும் அதே கேள்வி. வீட்டில் சௌக்கியமா என்று கேட்கலாம், அம்மா நல்லா இருக்காங்களா என்று கேட்கலாம், ஊரெல்லாம் அப்படித்தான் கேட்கிறது. இவர் மட்டும் மங்கை. தின்னவேலிக்காரர், அவர் பேச்சே அப்படி என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவருடைய பணி ஓய்வு விழாவுக்கு அவளையும் கூட்டிப்போனது என் முட்டாள்தனம். மைக்கைப் பிடித்துக்கொண்டு, மங்கை மாதிரி கம்பம் பார்க்க இந்தத் துறையிலேயே ஆள் கிடையாது என்றார், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், இவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தத் தோள் எனக்காக ஒரு நாளும் குலுங்கியதில்லை. நான் சொல்கிற ஜோக்குக்கு அவள் "ம்" என்பாள். பஸ்ஸில் எந்தப் பாலத்தைக் கடந்தாலும் தூங்குகிறவள் எழுந்து எட்டிப் பார்ப்பாள், பார்த்துவிட்டு, "ரெண்டே கால் மீட்டர் இருக்கும்" என்பாள், திரும்பத் தூங்கிவிடுவாள். ஒரு தடவை வீம்புக்கு அலுவலகத்தில் அன்றைய அளவைக் கேட்டுப் பார்த்தேன், இரண்டு புள்ளி இரண்டு ஆறு. முப்பது வருஷம் இதிலேயே ஊறினவன் நான், எனக்கு அந்தக் கண் கிடையாது. யார் கொடுத்த கண்? கரையில் பக்கத்தில் நின்று, அதோ பார், சுழி எங்கே பிரிகிறது பார், நுரை எந்தக் கல்லில் ஏறுகிறது பார் என்று யார் கை நீட்டிக் காட்டியது? இரண்டு வருஷம் என்றால் எழுநூற்று முப்பது காலை எட்டு மணி. மழைக்காலத்தில் மணிக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், அதையும் சேர்த்தால் எங்கேயோ போகிறது. அவளோடு எனக்கு எத்தனை காலை எட்டு மணி கிடைத்திருக்கிறது? எட்டு மணிக்கு நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே டிபன் டப்பா எங்கே என்று கத்திக்கொண்டிருப்பேன். துரைசிங்கம் எடுத்ததை எல்லாம் திருப்பிப் போட்டால் மங்கையின் சொந்த வரத்து எவ்வளவு வரும் என்று யோசனை போகிறது, சீ, என்ன புத்தி இது. மின்விசிறி பதிவேட்டின் தாளைத் தூக்குகிறது, நான் ஸ்டேப்ளரை எடுத்து அதன்மேல் வைக்கிறேன், ஒன்பதாம் தேதி மறைகிறது, நகர்த்துகிறேன், பதினைந்தாம் தேதி மறைகிறது. வாடகைக்கு அறை எடுத்திருப்பார்களா? சினிமாவுக்குப் போயிருப்பார்களா? ஏழு நாளும் சினிமாவா? ராஜ்தூத் பைக் வைத்திருந்தாரே, அந்தச் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும், அதில் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் ஊர் சொல்லியிருக்காதா, சொல்லியிருக்கும், ஆனால் எனக்கு யார் சொல்வார்கள்.

மணி மூன்று பத்து. ஒரு வழி இருக்கிறது, அது காலையிலிருந்தே என் முன்னால் கிடக்கிறது. ஐயத்துக்குரிய அளவு என்று குறித்து, பக்கத்தில் குறிப்புக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும், எழுதாமல் விட்டால் ஏழு நாள் வெள்ளம் ஆற்றின் வரத்திலிருந்தே காணாமல் போகும், கடைமடை மாவட்டத்துக்குப் பங்கு குறையும். அந்தக் கட்டத்தில், பொறுப்பு அலுவலர் சரிபார்க்காமல் கையொப்பமிட்டுள்ளார் என்று ஒரு வரி எழுதினால் போதும். பெயர் போட வேண்டாம், கையொப்பம் இருக்கிறதே. நான்கு மணிக்கு அவர் முன்னாலேயே வைப்பேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவர் அதைப் படிக்கிறபோது முகத்தைப் பார்ப்பேன். முகம் மாறினால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்வேன்? அதற்குமேல் யோசனை ஓட மாட்டேன் என்கிறது. வீட்டுக்குப் போவேன், அவள் தட்டு வைப்பாள், நான் கை கழுவுவேன், அப்புறம்? இருபத்தாறு வருஷமும் அந்த ஏழு நாளுக்கு அப்புறம் வந்தது என்று ஆகிவிடாதா? என் கை போனை எடுத்துவிட்டது. எடுத்துவிட்டு வைத்தேன். மறுபடி எடுத்தேன். கிரைண்டர் ஓடுகிற சத்தத்தோடு, "என்னங்க, இந்நேரத்துக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. தொண்ணூத்தேழு நவம்பர் ரெண்டாவது வாரம் நீ எங்க இருந்த?" என்று கேட்டேன், சாதாரணமாகக் கேட்பது என்று நினைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரன் குரலில். கிரைண்டர் நின்றது. "எருமைத்துறை ரிஜிஸ்டர் கையில சிக்கிடுச்சா?" சிரிக்கிறாள். "ஒம்பதுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் படிக்கட்டு மாதிரி எழுதியிருப்பேன். இத்தனை வருஷமா யாரும் கண்டுபிடிக்கல." "அப்ப நீ ஸ்டேஷன்ல இல்ல?" "எப்படி இருப்பேன்? ஒம்பதாம் தேதி ஞாயித்துக்கிழமை நீங்க என்னைப் பொண்ணு பாக்க வந்தீங்களே." ஜன்னலுக்கு வெளியே யாரோ ஜீப்பைப் பின்னால் எடுக்கிறார்கள், வா வா வா என்று ஒரு குரல். "தேதி மறந்துட்டீங்களா? போய்ச் சொல்லி அனுப்புறோம்னு உங்க அம்மா சொன்னாங்க. பதில் வர்ற வரைக்கும் வேலைக்குப் போகாத, ஆத்துல நிக்கிற பொண்ணுன்னு பேச்சு வரும்னு எங்கப்பா சொல்லிட்டாரு. ஆறு நாள். சனிக்கிழமை சாயங்காலம்தான் உங்க மாமா வந்து சரின்னாரு. மறுநாளே ஓடிப்போய் ஏழு நாளையும் எழுதுனேன். மழை பேஞ்சுச்சுன்னு தெரியும், எவ்வளவு ஏறுச்சுன்னு தெரியாது. தெரியாத தண்ணிய நாமளா கூட்டி எழுதக் கூடாதுன்னு குறைச்சே எழுதிட்டேன்." பிறகு நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன். "துரைசிங்கம் சார் எங்க இருந்தாரு?" "வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தாரு. மழையில தொப்பலா நனைஞ்சுக்கிட்டு. ஏன் வேலைக்கு வரலைன்னு கேக்க வந்திருக்காருன்னு நெனச்சேன். அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா நான் உங்கப்பாகிட்ட பேசட்டுமான்னு கேட்டாரு." "நீ என்ன சொன்ன?" "அவங்க பதில் வரட்டும்னேன்." "வராம இருந்திருந்தா?" "அதான் வந்துடுச்சே" என்றாள். கிரைண்டர் மறுபடி ஓடத் தொடங்கியது. "உங்க மாத்திரை முடிஞ்சிருச்சு, வர்றப்ப வாங்கிட்டு வந்துடுங்க."

போனை வைத்த பிறகுதான் அந்த வியாழக்கிழமை வந்தது, நானாகக் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. எதற்கு ஆறு நாள்? இரண்டு இடம் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று அம்மா சொன்னாள், நானும் சரி என்று தலையாட்டினேன். சும்மா ஆட்டவில்லை, கொஞ்சம் ஆசையோடுதான் ஆட்டினேன். இரண்டாவது பெண் பட்டதாரி ஆசிரியை, நிறம் தூக்கல் என்று தரகர் சொல்லியிருந்தார். பதிமூன்றாம் தேதி காலை நானும் அம்மாவும் பஸ்ஸில் போனோம், பஸ் எருமைத்துறைப் பாலத்தருகே நின்றுவிட்டது, கண்டக்டர் இறங்கி முன்னால் நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை ஏற்றச் சொன்னார். கீழே ஆறு செம்மண் நிறத்தில் பாலத்தின் உத்திரத்தை இடித்துக்கொண்டு போனது. ஒரு பம்புசெட் அறையின் தகரக் கதவு மிதந்து வந்து தூணில் மோதிய சத்தம் பஸ்ஸுக்குள் கேட்டது. ஆகவே அந்த வெள்ளத்தைப் பார்த்த ஆள் நான்தான், பதிவேட்டில் இல்லாத வெள்ளம் என் கண்ணில் இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது, ஏதோ ஒரு வருஷம் என்று வைத்திருந்தேன். இன்னொன்றும் ஞாபகம் வருகிறது, வராமல் இருந்திருக்கலாம். நான்கு நாள் முன்னால் பார்த்த பெண் இங்கேதானே வேலை செய்கிறாள் என்று ஜன்னல் வழியாகக் கரையைத் தேடினேன். குடை பிடித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. இப்படி வெள்ளம் போகிற அன்றைக்கு வேலைக்கு வராத பெண், பொறுப்பில்லாதவள் போல என்று மனசுக்குள் அவளுக்கு ஒரு மார்க் குறைத்தேன். இரண்டாவது வீட்டில் என்னைப் பிடிக்கவில்லை, வெள்ளிக்கிழமை சொல்லி அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை மாமா மங்கை வீட்டுக்குப் போனார். இதை நான் மங்கையிடம் சொன்னதே இல்லை. வெட்கமாக இருக்கிறது, வெட்கத்துக்கு அடியிலும் பொறாமை போகவில்லை, அது இன்னும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது. அவர் மழையில் நனைந்துகொண்டு போய்க் கேட்டிருக்கிறார். நான் எதையும் கேட்டுப் போகவில்லை, எனக்காக வீட்டிலிருந்து ஆள் போனார்கள்.

"என்னவே மாசிலாமணி, மங்கை சௌக்கியமா?" நான்குக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே. சௌக்கியம் சார் என்று எழுந்தேன். சங்கவி பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, மைனஸ் கதையைச் சொல்லி, "இந்த ஏழு நாளுக்கு ரிமார்க்ஸ்ல என்ன காரணம் சார் போடறது?" என்று கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றினார். நான் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரல் தேதிகளின் மேல் இறங்கி, வெள்ளிக்கிழமை வந்ததும் நின்றது. "இது என் தப்பு தாயி" என்றார் சங்கவியிடம். "நான் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். பொறுப்பு அலுவலரின் கவனக்குறைவுன்னே போடு. என் பேரையும் போடு." ஒரு மணி நேரம் முன்னால் நான் எழுத நினைத்த அதே வரி. கேட்காமலே கையில் கொடுக்கிறார். கதவைத் திறந்தால் ஆறு, வெள்ளத்தைப் பார்த்துவிட்டுத் தெரிந்தேதான் அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவள் பெயர் வெளியே வராமல் இந்த மனிதர் இருபத்தாறு வருஷம் பார்த்துக்கொண்டிருக்கிறார், இன்னும் பார்த்துக்கொள்வார், வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார். அது எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணையும் அவர் கொடுத்திருக்கலாம், சிரிப்பையும் வாங்கியிருக்கலாம், இந்தப் பெருந்தன்மையையும் அவருக்கே விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. "வேண்டாம் சார். பதிவாளர் ஏழு நாள் நிலையத்துல இல்லன்னு போடு சங்கவி. அந்தப் பதிவாளர் என் மனைவி. வெள்ளம் பதிமூணாம் தேதி காலையில பத்தரை மணிக்குப் பாலத்து உத்திரத்தைத் தொட்டுச்சு. பாலத்து வரைபடத்துல அந்த மட்டம் இருக்கும், எடுத்துட்டு வா." அவள் ஒரு தடவை என்னை, ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டு ஆவண அறைக்குப் போனாள்.

துரைசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "தொட்டுச்சுன்னு ஒமக்கு எப்படிவே தெரியும்?" "பஸ்ல போனேன் சார். பாத்தேன்." "எங்க போனீரு?" இதை இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை, முதலில் போய் இவரிடமா சொல்ல வேண்டும். "இன்னொரு பொண்ணு பாக்க" என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் பதிவேட்டை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"நான் அந்த வெள்ளிக்கிழம அவ வீட்டு வாசல்ல போய் வண்டிய நிறுத்துனேன். சத்தம் கேட்டு, ஒம்ம வீட்டு ஆளு பதில் கொண்டுவந்திருக்குன்னு நெனச்சுட்டா போல, உள்ளேர்ந்து ஓடி வந்தாவே. நான்தான்னு தெரிஞ்சதும் அப்படியே நின்னுட்டா."